12,000 ரூபாய் ஒயர் வேண்டாம், கடைக்குப் போகும்போது ஒரு பிளேடு எடுத்துப் போங்கள்

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பழைய வீட்டு ஆசாரத்தில் (முன்கூடத்தில்) பாட்டுக் கேட்க ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கினேன். ஸ்பீக்கர் 8 ஓம். கதவு நிலை, ஜன்னல் எல்லாம் சுற்றி ஒயர் போக வேண்டிய தூரம் பக்கத்துக்கு 7 மீட்டர். கோவையில் ஒரு கடையில் 12,000 ரூபாய்க்குக் கேபிளைக் காட்டி, 'இதைப் போடலீன்னா செட்டு வாங்கினதே தண்டமுங்க' என்கிறார்கள். எங்க ஊர் எலக்ட்ரீஷியன், 'சாதா ரெண்டு கோர் ஒயரே போதுமுங்க' என்கிறார். யாரை நம்புவது?"

எலக்ட்ரீஷியனை நம்புங்கள். 1.5 ஸ்கொயர் எம்.எம். (கம்பியின் குறுக்குவெட்டுப் பருமன்), 2 கோர் (உள்ளே இரண்டு கம்பி), செம்பு, பல இழை ரவுண்ட் கேபிள் என்று கேளுங்கள். உறையின் மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். எலக்ட்ரிகல் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். உங்களுக்கு 14 மீட்டர் போதும்.

வீட்டில் ஓடும் நீளத்துக்கு ஒயர் செய்யக்கூடிய பெரிய கெடுதல் ஒன்றுதான். ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய சக்தியில் கொஞ்சத்தை அது வழியிலேயே தின்றுவிடும். எவ்வளவு தின்னலாம் என்பதற்குத் தொழிலில் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்: ஒயரின் தடை, ஸ்பீக்கர் ஓமில் 20ல் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. (ஓம் என்பது மின்தடையின் அளவு.) உங்கள் 8 ஓமுக்கு 0.4 ஓம் வரை இடம் உண்டு. 7 மீட்டருக்கு, போகிற கம்பியும் வருகிற கம்பியும் சேர்த்து, இந்த ஒயரின் தடை 0.19 ஓம். பாதிகூட இல்லை. 4 ஓம் ஸ்பீக்கராக இருந்தால் 2.5 ஸ்கொயர் வாங்கச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

அட்டைப்பெட்டியில் 'ஓ.எஃப்.சி.' என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு என்று அர்த்தம். சாதாரண மின்கம்பிச் செம்பைவிட அது அதிகம் போனால் ஒரு சதவீதம் நன்றாகக் கடத்தும். ஸ்கொயர் எம்.எம். அளவைக் கொஞ்சம் கூட்டினாலே அதைவிடப் பல மடங்கு லாபம். உங்கள் 14 மீட்டர் ஒயரில் இருக்கும் மொத்தச் செம்பு 400 கிராமுக்கும் குறைவு. பாத்திரக்கடையில் அந்த எடைக்கு ஒரு சொம்பு என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். 12,000 ரூபாய் எங்கே போகிறது என்பது விளங்கும்.

விலை கூடுதலாகக் கொடுப்பது ஒரு நஷ்டம். போலியை வாங்குவது அதைவிடப் பெரிய நஷ்டம். சந்தையில் ஸ்பீக்கர் கேபிள் என்ற பெயரில் குவிந்து கிடப்பதில் நிறைய சி.சி.ஏ., அதாவது அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு. அதே பருமனில் இதன் தடை செம்பைப் போல ஒன்றரை மடங்கு. பெருந்துறை பக்கம் ஒரு புது வீட்டில், வீட்டை அலங்கரித்துத் தந்தவரே ஹோம் தியேட்டர் ஒயரையும் சுவருக்குள் குழாய்விட்டு இழுத்திருந்தார். பில்லில் சுத்தச் செம்பு விலை. மூன்றாம் வருடம் ஒரு பக்கம் சத்தம் விட்டுவிட்டு வருகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்பீக்கரின் பின்பக்கத் திருகைக் கழற்றினேன். வெள்ளைப் பொடி பூத்து, இழைகள் விரலில் தொட்டதும் ஒடிந்து விழுந்தன. அத்தனையும் அலுமினியம். அந்த வீட்டம்மா, "அவர் நம்ம சொந்தக்காரருங்க" என்று சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. வீடு கட்டித் தருகிறவர், இன்டீரியர் பார்ப்பவர், ஏஜென்ட் யார் மூலமாகவும் ஒயர் வாங்காதீர்கள். நீங்களே போய் வாங்குங்கள்.

போகும்போது ஒரு பிளேடு எடுத்துப் போங்கள். வெட்டிய துண்டில் ஒரே ஒரு இழையைப் பிரித்து, நகத்தின் மேல் வைத்து மெதுவாகச் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளை தெரிந்தால் அலுமினியம், திரும்பி வந்துவிடுங்கள்.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு, நிதானமாகப் படியுங்கள். கண்ணாடி போன்ற உறைக்குள் ஒரு கம்பி செம்பு நிறமாகவும் இன்னொன்று வெள்ளி நிறமாகவும் இருக்கும் கேபிளைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளி நிறம் என்றதும் அலுமினியம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பிளஸ், மைனஸ் அடையாளம் தெரிவதற்காக ஒரு கம்பிக்கு மட்டும் வெள்ளீயம் பூசியிருப்பார்கள். பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசுவோமே, அதே வெள்ளீயம்தான். அதைச் சுரண்டினால் வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. அது நல்ல சரக்கு. சி.சி.ஏ. இதற்கு நேர் எதிர்: வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை. அதனால் இரண்டு கம்பியிலும் ஒவ்வொரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். சிவப்புக் கம்பியை மட்டும் பார்த்துவிட்டு, வெள்ளைக் கம்பி அலுமினியமாக இருந்து ஏமாந்தவர்களும் உண்டு. வெள்ளைக் கம்பியைப் பார்த்துப் பயந்து நல்ல செம்பை விட்டுவந்தவர்களும் உண்டு. நிறம் வெளியே எப்படியும் இருக்கட்டும், உள்ளே சிவப்பா என்பதே கேள்வி.

வீட்டு ஒயரிங் கம்பிக்கு முத்திரை கேட்கிறோம், எண் கேட்கிறோம். ஸ்பீக்கர் கேபிள் சுருளில் நான் இத்தனை வருடத்தில் அப்படி ஒரு முத்திரையைப் பார்த்ததில்லை. தங்க நிறத்தில் பெயர் அச்சடித்தால் போதும், எதையும் எந்த விலைக்கும் விற்கலாம் என்றாகிவிட்டது. வாங்குகிறவர் பிளேடோடு போக வேண்டிய நிலைமையை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. பில்லில் 'செம்பு, 1.5 ஸ்கொயர்' என்று எழுதி வாங்குங்கள். ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்க அந்தத் தாள்தான் உதவும்.

மாட்டும்போது ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு முனையிலிருந்து வருகிற கம்பி ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்கே போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் பேஸ், அதாவது கனமான அடிச்சத்தம், காணாமல் போகும். அதை ஒயரின் குற்றம் என்று நினைத்து மறுபடி கடைக்குப் போகாதீர்கள். இரண்டு ஒயரும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்பார்கள், ஒன்றிரண்டு மீட்டர் வித்தியாசம் காதுக்குத் தெரியாது. இது கரண்ட் ஒயர் போலவே இருப்பதால், வீட்டில் யாராவது இதில் பிளக் மாட்டிச் சுவரில் செருகிவிடக் கூடும். இரண்டு முனையிலும் 'ஸ்பீக்கர்' என்று எழுதி டேப் ஒட்டிவிடுங்கள்.