"மகன் எடுத்த வீடியோவை அழித்துவிடட்டுமா?"

கேள்வி: தென்மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரில், காவல் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மாடியில்தான் வீடு. கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு திருட்டுப் புகாருக்காக அழைத்து வரப்பட்ட இளைஞர், தன் காலால் நடந்து ஸ்டேஷனுக்குள் போனதை நானே பார்த்தேன். அன்று இரவு வெகுநேரம் அலறல் கேட்டது. விடியும் முன் நாலு பேர் அவரைத் தூக்கிவந்து காரில் போட்டார்கள். மறுநாள் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார் என்றார்கள். பிளஸ் டூ படிக்கும் என் மகன், வயது 17, ஜன்னலில் நின்று 40 நொடி வீடியோ எடுத்திருக்கிறான். நண்பன் ஒருவனுக்கும் அனுப்பிவிட்டான். ஊரில் மறியல், கடையடைப்பு எல்லாம் நடந்தது. "நீங்கதான் சாட்சி, டிவியில் சொல்லுங்க" என்று தினமும் யாராவது வருகிறார்கள். ஒரு ஏட்டு கடைக்கு வந்து, "அக்கா, தம்பி பிளஸ் டூதானே, படிப்பைப் பார்க்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மகன் சாப்பிடுவதில்லை. ராத்திரி புல்லட் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். வீடியோவை அழித்துவிட்டு, எங்களுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிடலாமா?

பதில்: அழிக்காதீர்கள் சகோதரி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு வழக்கில் சாட்சியமாகும் என்று தெரிந்தே ஒரு பதிவை அழிப்பது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் 241-ம் பிரிவின் கீழ் தனிக் குற்றம். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நண்பனிடம் ஒரு பிரதி இருக்கிறது. உங்கள் போனில் அது இல்லை என்றால், நாளைக்கு அதையே காட்டி "வீடியோவே போலி" என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

வாட்ஸ்அப்பில் போன பிரதி சுருங்கியிருக்கும். எடுத்த நேரம் போன்ற உள்விவரங்களும் அதில் அழிந்துபோயிருக்கும். அசல், மகனின் போனில் இருப்பதுதான். அதை வெட்டாதீர்கள், பெயர் மாற்றாதீர்கள், எழுத்து எதுவும் சேர்க்காதீர்கள். முடிந்தால் அந்த போனை அணைத்து, ஒரு கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் தேதி போட்டு நீங்கள் கையெழுத்திட்டு வையுங்கள். பையனுக்குச் சில மாதங்களுக்கு வேறு போன் கொடுங்கள். மின்னணுப் பதிவின் பிரதியைத் தாக்கல் செய்யும்போது சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அசல் கருவியையே கொடுத்து, அதன் உரிமையாளரும் வந்து சாட்சி சொன்னால் அந்தச் சிக்கல் வராது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த போன் அவ்வளவு மதிப்புள்ளது. யார் வந்து கேட்டாலும், சீருடையில் வந்தாலும், மகஜரும் (கைப்பற்றியதைப் பதியும் ஆவணம்) ரசீதும் இல்லாமல் கையில் கொடுக்காதீர்கள்.

சரி, "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லலாமா? கொலை போன்ற குற்றம் நடந்தது தெரிந்தவர் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் 33-ம் பிரிவு சொல்கிறது. யாரிடம் என்பதைக் கவனியுங்கள்: அருகிலுள்ள நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) அல்லது காவல் அதிகாரியிடம். "அல்லது" என்ற அந்த ஒரு சொல்தான் உங்களுக்கு வழி. எதிரே இருக்கும் அந்தப் படியை நீங்கள் ஏற வேண்டியதே இல்லை.

காவலில் ஒருவர் இறந்தால், போலீஸ் விசாரணை ஒரு பக்கம் நடக்க, பிஎன்எஸ்எஸ் 196-ன்படி நடுவர் தனியாக விசாரிக்க வேண்டும். பழைய சட்டத்தில் இது 176(1ஏ). உங்கள் ஊர் வழக்கிலும் அது நடந்துகொண்டிருக்கும். எந்த நடுவர் என்று வழக்கறிஞர் மூலம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நீங்கள் பார்த்ததை, கேட்டதை இரண்டு பக்கத்தில் எழுதி, மூடிய உறையில் அவரிடம் கொடுங்கள். போன் உங்களிடம் இருப்பதையும், அவர் உத்தரவிட்டால் ஒப்படைப்பீர்கள் என்பதையும் அதில் எழுதுங்கள். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. "164 ஸ்டேட்மென்ட்" (நடுவர் பதிவு செய்யும் வாக்குமூலம், இப்போது 183) கொடுக்க வேண்டும் என்று நேராகக் கோர்ட்டுக்குப் போய் நிற்பார்கள். புலனாய்வு அதிகாரி கேட்டுக்கொள்ளாமல், சாட்சி தானாகவே வந்து அப்படிக் கொடுக்க முடியாது என்று 1999-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே அது சிபிசிஐடியோ வேறு அமைப்போ வழக்கை எடுத்த பிறகு, அவர்களிடம் எழுத்தில் கேட்க வேண்டியது. 196 விசாரணைக்கு அந்தத் தடை இல்லை.

அந்த விசாரணைக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை 2020-ல் சாத்தான்குளத்தில் பார்த்தோம். ஜூன் 19-ம் தேதி இரவு ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனில் அடிக்கப்பட்டார்கள். 22-ம் தேதி மகனும், 23-ம் தேதி தந்தையும் இறந்தார்கள். விசாரிக்கப் போன கோவில்பட்டி நடுவரையே அங்கிருந்த காவலர் ஒருவர் தரக்குறைவாகப் பேசினார். கேமரா இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நடுவர் கண்டார். அந்த நிலையிலும் ஸ்டேஷனின் பெண் தலைமைக் காவலர் ஒருவர் நடுங்கிக்கொண்டே வாக்குமூலம் கொடுத்தார். லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருக்கிறது, உடனே எடுக்காவிட்டால் அழித்துவிடுவார்கள் என்றார். கையெழுத்துப் போட முதலில் அவருக்குக் கை வரவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்குப் பாதுகாப்பும் சம்பளத்தோடு விடுப்பும் கொடுக்க உத்தரவிட்டது. அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் பொறுப்பில் விடவும் சொன்னது.

அந்தச் சீருடைக்குள் இருந்தவருக்கே கை நடுங்கியது. உங்கள் பிள்ளை நடுங்குவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பையன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அதுதான். புல்லட் சத்தத்துக்கு எழுந்து உட்காருவது, சாப்பாடு இறங்காமல் போவது இதெல்லாம் மூன்று வாரம் தாண்டியும் நீடித்தால் "வயசுக் கோளாறு, சரியாகிவிடும்" என்று விடக் கூடாது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். இந்த வாரமே கூட்டிப் போங்கள். போகும்வரை அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மருத்துவரிடம் சொல்வது ரகசியமாகத்தான் இருக்கும், 2017-ம் ஆண்டு மனநலச் சட்டமே அதைச் சொல்கிறது.

"மனநல மருத்துவரைப் பார்த்தால், பைத்தியக்காரன் சாட்சி என்று தள்ளிவிடுவார்களே" என்று என்னிடம் கேட்காத தாய் இல்லை. தள்ள மாட்டார்கள். கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவோடு பதில் சொல்ல முடிந்த எவரும் சாட்சி சொல்லலாம், வயதும் சிகிச்சையும் தடையல்ல. மருத்துவர் தரும் சீட்டு அவனுக்கு வேறு வகையிலும் உதவும். பெண்களை வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வா என்று சொல்லக் கூடாது என்பது பிஎன்எஸ்எஸ் 179-ம் பிரிவு. உங்களுக்கு அது பொருந்தும். ஆண் பிள்ளைக்கு 15 வயதுக்குக் கீழே இருந்தால்தான் அந்தச் சலுகை, உங்கள் மகனுக்கு 17 ஆகிவிட்டது. ஆனால் புதிய சட்டத்தில் கடுமையான நோயில் இருப்பவரையும் சேர்த்திருக்கிறார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தால், இவனையும் வீட்டில் வைத்தே விசாரிக்க வேண்டும் என்று வாதாட இடமிருக்கிறது. 2022-ல் உச்ச நீதிமன்றம், 18 வயதுக்குக் கீழானவர்கள், மனநலப் பாதிப்பு உள்ளவர்கள், மிரட்டலுக்கு ஆளாகக்கூடியவர்கள் எல்லோருக்கும் மாவட்டம்தோறும் தனிச் சாட்சி மையம் வேண்டும் என்று சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்க்காமலே அங்கே சாட்சி சொல்லலாம்.

அது ஏன் முக்கியம் என்று எனக்குத் தெரியும். பல வருடத்துக்கு முன் ஒரு லாக்அப் மரண வழக்கில் ஒரு டீ மாஸ்டர் சாட்சி. ஊரில் யார் கேட்டாலும் தேதி, நேரம், யார் கையில் என்ன இருந்தது எல்லாம் தெளிவாகச் சொல்வார். கோர்ட் நாளன்று வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குற்றம் சாட்டப்பட்ட அதிகாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோளில் கை போட்டு, "மாஸ்டர், பொண்ணுக்கு வரன் பார்க்கிறீங்களாமே" என்று கேட்டார். அவ்வளவுதான். கூண்டில் ஏறியதும் மாஸ்டர் சொன்ன முதல் வார்த்தை "ஞாபகம் இல்லை". பிறழ் சாட்சி என்று பதிவானது. இன்றுவரை அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த பெஞ்சில் அவரைத் தனியாக உட்காரவிட்ட எங்கள் மேல்தான் வருகிறது.

உங்கள் ஏட்டு கேட்டதும் அதே வகைக் கேள்விதான். கேட்பவர் சிரித்துக்கொண்டு கேட்டாலும் அது மிரட்டல்தான், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு, என்ன வார்த்தை, கடையில் வேறு யார் இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கடையில் கேமரா இருந்தால் அந்த நாளின் பதிவை இன்றே எடுத்து வையுங்கள். பொய்ச் சாட்சி சொல்லும்படி மிரட்டினால் பிஎன்எஸ் 232-ன்படி 7 ஆண்டுவரை சிறை உண்டு. அந்த ஏட்டு நேரடியாக அப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் பாதுகாப்பு கேட்க இந்தக் குறிப்பே போதும்.

உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, சட்டம் வரும்வரை அதுவே சட்டம் என்றது. இப்போது பிஎன்எஸ்எஸ் 398, ஒவ்வொரு மாநிலமும் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. 2018 திட்டத்தின்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆபத்து எவ்வளவு என்று போலீஸ் துணைக் கண்காணிப்பாளர் 5 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். அதுவரை இடைக்காலப் பாதுகாப்பும் கேட்கலாம். வீட்டுக்கு கேமரா, கோர்ட்டுக்குப் போகவர வண்டி, பெயரை மறைப்பது, தேவைப்பட்டால் சில காலம் வேறு ஊரில் தங்குவது எல்லாம் அதில் உண்டு. எனக்கு இதில் ஒரு மனக்குறை இருக்கிறது. ஆபத்தே போலீஸிடமிருந்து வரும்போது, அறிக்கையும் போலீஸே எழுதுவது. அதனால் உங்கள் உட்கோட்டத்தைச் சேராத அதிகாரி அறிக்கை தர வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே கேளுங்கள். இழுத்தடித்தால் மதுரைக் கிளையில் ரிட் போடலாம். இறந்தவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருந்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வழக்கில் சேர்ந்திருந்தால், அதன் 15ஏ பிரிவின்படி சாட்சிக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு எல்லாம் கேட்க உரிமை உண்டு.

ஊரைப் பற்றி. ஊர் கோபப்படுவது நியாயம். சாத்தான்குளத்தில் கடைகள் அடைத்திருக்காவிட்டால், 2025-ல் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் இறந்தபோது ஜனங்கள் கேள்வி கேட்டிருக்காவிட்டால், அந்த வழக்குகள் சிபிஐ வரை போயிருக்குமா என்பது சந்தேகம்தான். மடப்புரத்திலும் மறைந்திருந்து ஒருவர் எடுத்த சில நொடி வீடியோதான் நாட்டையே பார்க்க வைத்தது. அதை எடுத்தவர் அப்புறம் தனக்குப் பாதுகாப்பு கேட்க வேண்டியிருந்தது. ஊரின் கோபத்துக்கு ஒரு மாதம், இரண்டு மாதம் ஆயுள். வழக்கு அப்படியில்லை. சாத்தான்குளம் வழக்கு 5 ஆண்டு கடந்தும் மதுரை விசாரணை நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. உங்கள் வீட்டுச் சாட்சி அந்தக் கடைசி நாள்வரை உடையாமல் இருக்க வேண்டும்.

அதனால் டிவிக்குப் பேசாதீர்கள். மைக்கைப் பார்த்த படபடப்பில் "ஒரு மணி இருக்கும்" என்பீர்கள், நடுவரிடம் "இரண்டரை" என்பீர்கள். குறுக்கு விசாரணையில் அந்த ஒன்றரை மணி நேரத்தை வைத்து அரை நாள் கேள்வி கேட்பார்கள். பயந்து போனவர்களுக்கு நேரமும் வரிசையும் குழம்புவது இயல்பு. இன்று இரவே நீங்களும் மகனும் தனித்தனியாக, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், நினைவில் இருப்பதைக் கையால் எழுதி தேதி போட்டு வையுங்கள். சம்பவம் பசுமையாக நினைவிருந்தபோது எழுதியது என்று கோர்ட் கருதினால், அதைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள சாட்சியச் சட்டத்தின் 162-ம் பிரிவு இடம் தருகிறது. அலறலைக் கேட்டேன் என்றால் கேட்டேன் என்று எழுதுங்கள். யார் அடித்தார் என்று பார்க்கவில்லை என்றால் அதைச் சேர்க்காதீர்கள். நடந்து போனவர் தூக்கிவரப்பட்டார் என்பதே ஒரு கொலை வழக்கில் எவ்வளவு கனமான சாட்சியம் தெரியுமா?

கடைக்கு வந்து "ஏன் பேச மாட்டேங்கிறீங்க" என்று கேட்பவர்களிடம், "சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வேன்" என்ற ஒரு பதில் போதும். வீடியோ வைத்திருக்கும் அந்த நண்பனின் பெற்றோரையும் நேரில் பார்த்து, அதை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வழக்கறிஞருக்குச் செலவாகுமே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100-க்கும் அழைக்கலாம். உள்ளூர் ஸ்டேஷனுக்கு அடிக்கடி வேலை செய்யும் வழக்கறிஞர் வேண்டாம் என்று அங்கே தயங்காமல் கேளுங்கள். திங்கட்கிழமை காலை கடைக்கு ஒருவரை உட்கார வைத்துவிட்டு, அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் மட்டும் போங்கள். பையன் பள்ளிக்கூடம் போகட்டும்.