கழுத்தைப் பிறாண்டும் பூனை: மீன்தான் காரணமா?

கேள்வி: எங்கள் பூனைக்கு 4 வயது. குட்டியிலிருந்தே சாளை மீனும் சோறும்தான். ஆறு மாதமாகக் கழுத்தையும் காதோரத்தையும் ரத்தம் வரும் அளவுக்குப் பிறாண்டுகிறது. ஊசி போட்டால் சில வாரம் அடங்குகிறது, பிறகு பழைய கதைதான். உணவு அலர்ஜி என்கிறார்கள். இத்தனை வருடம் ஒத்துக்கொண்ட மீன் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகுமா? ரத்தப் பரிசோதனை செய்யலாமா?

பதில்: போகும். அலர்ஜி வருவதே உடம்புக்குப் பழகிய உணவால்தான். பூனைகளுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, மீன், கோழி. அரிசியைச் சந்தேகப்பட வேண்டியது கடைசியில்தான்.

ஆனால் மீனைக் குற்றம் சொல்வதற்கு முன் தெள்ளுப்பூச்சியைப் பாருங்கள். பூச்சி கண்ணில் படவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. பூனை தன்னை நக்கும்போதே அதை விழுங்கிவிடும். பேன் சீப்பால் முதுகையும் வால் அடியையும் சீவி, விழும் கறுப்புத் தூளை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். எதுவும் தெரியாவிட்டாலும், வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் மாதம் ஒருமுறை பிடரியில் விடும் சொட்டு மருந்தைத் தொடருங்கள். நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது: பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்தது பூனையைக் கொல்லும். சிரங்குப் பூச்சியும் படர்தாமரையும் இல்லை என்று மருத்துவர் தோலைச் சுரண்டிப் பார்த்துச் சொல்லட்டும்.

கழுத்தை வருடிப் பாருங்கள். கடுகு போலச் சிறு பொருக்குகள் விரலில் தட்டுப்படுகின்றனவா? வயிற்று முடி குறைந்திருந்தால், அது உதிர்ந்ததா, நக்கி நக்கி ஒடிந்ததா? ஒடிந்த முடி எதிர்த் திசையில் தடவினால் குத்தும். அரிப்போடு அடிக்கடி வாந்தியோ பேதியோ இருந்தால் உணவின் மீது சந்தேகம் வலுக்கிறது.

ரத்தப் பரிசோதனைக்குச் செலவழிக்காதீர்கள். ரத்தமோ உமிழ்நீரோ முடியோ, எதை வைத்தும் உணவு அலர்ஜியை உறுதியாகச் சொல்ல முடியாது. நம்பக்கூடிய ஒரே சோதனை, 8 வாரம் ஒரே உணவு. அலர்ஜி உள்ள பூனைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அதற்குள் தேறிவிடும்.

எந்த உணவு? புரதத்தை நுணுக்கமாக உடைத்துத் தயாரிக்கும் ஹைட்ரோலைஸ்டு உணவை மருத்துவர் எழுதித் தருவார். விலை அதிகம், ஆனால் தொல்லை குறைவு. இல்லையென்றால் உங்கள் பூனை இதுவரை தொடாத ஓர் இறைச்சி: முயல் அல்லது பன்றி. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, வெந்த தண்ணீரோடே கொடுங்கள். பூனையின் இதயத்துக்கும் கண்ணுக்கும் அவசியமான டாரின் என்ற சத்து அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். அதுவும் போதாது, மருத்துவரிடம் கேட்டு டாரின் தனியாகச் சேர்க்க வேண்டும். கடைப் பாக்கெட்டின் முன்பக்கத்தில் ‘வாத்து’ என்று இருக்கும், பின்பக்கம் திருப்பினால் கோழித் தூள் இருக்கும். அதை இந்தச் சோதனைக்கு நம்ப வேண்டாம்.

பழைய உணவோடு கலந்து ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள். மீன் முழுதாக நின்ற நாள்தான் முதல் நாள். ‘பசித்தால் தானே தின்னும்’ என்று பட்டினி போடாதீர்கள். ஓரிரு நாள் சாப்பிடாமல் கிடந்தாலே, அதுவும் குண்டுப் பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு படிந்து ஆபத்தாகிவிடும். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லையென்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சோதனை தோற்பது பெரும்பாலும் உணவால் அல்ல, ஓட்டையால். கொல்லையில் மீன் ஆயும்போது விழுந்த செதில், பக்கத்து வீட்டுப் பாட்டி வைக்கும் பால் சோறு, இன்னொரு பூனையின் தட்டு, டியூபில் பிதுக்கி நக்கக் கொடுக்கும் ட்ரீட், இறைச்சி வாசனை ஏற்றிய பூச்சி மாத்திரை, மீன் எண்ணெய் கேப்ஸ்யூல்: ஒரு வாய் போதும், கணக்கு குழம்பிவிடும். 8 வாரமும் பூனை வீட்டுக்குள்ளேயே இருப்பது நல்லது. வெளியே போனால் என்ன தின்றது என்று யாருக்குத் தெரியும்?

நீங்கள் சொல்லும் ஊசி அநேகமாக நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு. அதன் வேகம் இருக்கும்வரை எந்த உணவு கொடுத்தாலும் அரிப்பு அடங்கித்தான் இருக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் சர்க்கரை நோயும் வரலாம். அரிப்பு தாங்கவில்லையென்றால் முதல் சில வாரம் மட்டும் மாத்திரையாகக் கேளுங்கள். அதை நிறுத்திய பிறகும் குறைந்தது இரண்டு வாரம் அதே உணவில் அரிப்பில்லாமல் இருக்க வேண்டும்.

தேறிய பிறகு பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அடுத்த படி அதே பழைய சாளையைத் திரும்பக் கொடுப்பது. சில மணி நேரத்திலோ, இரண்டு வாரத்துக்குள்ளோ பிறாண்டல் திரும்பினால் மீன்தான் என்று உறுதி. உடனே சோதனை உணவுக்குத் திரும்புங்கள். பிறாண்டல் திரும்பவில்லையென்றால் மீன் காரணமல்ல, உங்கள் பூனையைக் குணமாக்கியது தெள்ளுப்பூச்சி மருந்தாக இருக்கலாம். மீன் உறுதியானால், அரிப்பு அடங்கியதும் கோழியைத் தனியாக இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். அது ஒத்துக்கொண்டால் பிறகு வாங்கும் உணவு மீன் கலக்காத, சத்து முழுமையான கோழி உணவாக இருக்கலாம். வீட்டுச் சமையலையே தொடர்வதென்றால் கால்சியமும் டாரினும் அளந்து சேர்க்கும் பட்டியலை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.