தேடுகிறார்களா என்ற கேள்வி

கடிதம்:

வணக்கம். நான் பென்னாகரம் பகுதியைச் சேர்ந்தவள். மனநல வார்டில் மூன்று ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். மனச்சிதைவு நோய்க்காகச் சேர்க்கப்பட்ட ஒரு பெண்மணி இப்போது நன்றாகத் தேறியிருக்கிறார். ஆனால் மாத்திரை கொடுக்கப் போகும்போதெல்லாம், “சிஸ்டர், எங்க ஊட்ல என்னைத் தேடறாங்களா?” என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்கு விடை காண்பதும் என் பணிதானா, அல்லது நான் எல்லை மீறுகிறேனா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அது உங்கள் பணிதான். ஹில்டகார்டு பெப்லாவ் என்ற அமெரிக்கச் செவிலியர், செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவு சிகிச்சையின் உள்ளேயே இருக்கிறது என்று 1952ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதினார். பிறகு 1992இல் போனி ஹேகர்ட்டியும் அவருடன் பணியாற்றிய செவிலிய ஆய்வாளர்களும், ‘நான் இங்கே வேண்டப்படுகிறேன்’, ‘இங்கிருப்பவர்களோடு நான் பொருந்துகிறேன்’ என்ற இரண்டு உணர்வுகளும் சேர்ந்ததே ஒட்டுதல் என்று பிரித்துக் காட்டினார்கள்.

உங்கள் நோயாளி கேட்பது இவற்றுள் முதலாவதை. தன்னைப் பார்க்க வருவார்களா என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கன்று பசுவைத் தேடுகிறது என்று நாம் சொல்லும்போது, காணாமற்போனதைக் கண்டுபிடிப்பதையா சொல்கிறோம்? ஒருவர் இல்லாமையால் இன்னொருவர் வாடுவதைச் சொல்கிறோம். தான் இல்லாத வீட்டில் தன் இடம் வெற்றிடமாகத் தெரிகிறதா, அல்லது அதுவும் தூர்ந்துபோய்விட்டதா என்பதே அந்தப் பெண்மணியின் கவலை.

இதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அரூர் அருகே வாழ்ந்த என் பெரியப்பா, பெங்களூரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தபோது நோயுற்று, நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெற்று ஊர் திரும்பினார். காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் அவர் திண்ணையை விட்டு எழவில்லை. நாங்களும், மிகுந்த அன்பினால்தான், மாட்டைப் பிடித்துக் கட்டும் வேலையைக்கூட அவரிடம் கொடுக்காமல், “நீங்க சும்மா உக்காருங்க” என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். பங்குனியில் புளி உடைக்க ஆள் போதாதபோது பெரியம்மா ஒரு கூடையை அவர் முன்னால் வைத்து, “பொழுது சாயறதுக்குள்ள கொட்டை எடுத்துக் குடுங்க” என்றார். அவர் எடுத்துக் கொடுத்தார். நோய் அதனால் குணமாகவில்லை, மாத்திரையும் நிற்கவில்லை; ஆயினும் மறுநாள் காலையில், கூடை எங்கே என்று அவரே கேட்டார்.

அதனால் குடும்பத்தோடு சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். ஓயாமல் குறை சொல்லும் வீட்டுக்கும் வெறுப்பைக் காட்டும் வீட்டுக்கும் திரும்பும் மனச்சிதைவு நோயாளிகளுக்கு நோய் மீண்டும் முற்றுவது அதிகம் என்பதை, இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரவுனும் அவருடைய குழுவினரும் 1972இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அளவுக்கு மீறிய பொத்திக் காத்தலையும் அவர்கள் அதே பட்டியலில் சேர்த்தார்கள் என்று படித்தபோது, எங்கள் திண்ணைதான் என் நினைவுக்கு வந்தது. ஆகவே வீட்டாரையும் பழக்க வேண்டியிருக்கிறது. வேலூர் பாகாயத்தில் உள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் உறவினர் ஒருவர் நோயாளியுடனேயே தங்கும் முறை பல பத்தாண்டுகளாக நடந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். வீடே ஏற்காதவர்களுக்கோ 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் துணை நிற்கிறது: குடும்பம் இல்லை, அல்லது குடும்பம் ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்று அதன் 19ஆம் பிரிவு கூறுகிறது.

“தேடறாங்கம்மா” என்று அவரிடம் பொய் சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை கேட்கும்போது பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்து, வீட்டில் அவர் என்னென்ன வேலை பார்த்தார், யார் அவரை என்ன முறை சொல்லி அழைப்பார்கள் என்று கேட்டு, கேஸ் ஷீட்டில் மருந்தின் அளவை எழுதும் அதே அக்கறையோடு குறித்து வையுங்கள். பிறகு மருத்துவரிடமும் அந்தப் பெண்மணியிடமும் கேட்டுக்கொண்டு வீட்டாரை அழைத்து, அவர் வந்து செய்யட்டும் என்று அவற்றில் ஒரு வேலையை அவருக்காக ஒதுக்கி வைக்க முடியுமா என்று கேளுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.