ஸ்ரீரங்கப்பட்டணம், 1799: ஒரு செப்புத்தகட்டுப் படம் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையை ஆங்கிலேயர் தாக்குவதைக் காட்டும் பழைய அச்சுப்படத்தின் நகல் ஒன்றைப் பார்த்தேன். அதை வரைந்தவர் போரை நேரில் கண்டவரா?

பதில்: இல்லை. மூல ஓவியர் ராபர்ட் கெர் போர்ட்டர் இந்தியாவுக்கு வந்தவரே அல்லர். 1799 மே 4 அன்று திப்பு சுல்தான் வீழ்ந்த செய்தி லண்டனை எட்டியபின், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அந்த இளைஞர் நூறடிக்கும் மேல் நீளமுள்ள திரை ஒன்றில் அக்காட்சியைத் தீட்டி, 1800இல் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார். அத்திரை பின்னர் அழிந்துவிட்டது. பார்த்தலோசி என்ற செதுக்கல் கலைஞரின் மாணவரான வெண்ட்ராமினி 1802 தொடங்கிச் செப்புத்தகட்டில் செதுக்கி வெளியிட்ட அச்சுகளின் வழியாகவே அது இன்று நமக்குத் தெரிகிறது.

கேள்வி: அப்படியானால் அதை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா?

பதில்: எதற்குச் சான்று என்று கேட்டுக்கொண்டால் கொள்ளலாம். லண்டன்வாசிகள் அந்த வெற்றியை எப்படிக் காண விரும்பினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. களத்தில் நடந்ததற்கு அப்படியே சான்றாகக் கொள்ளக்கூடாது. கோட்டை மதிலில் பீரங்கிகள் ஏற்படுத்திய உடைப்பை நோக்கிக் காவிரியில் இறங்கிய ஏறத்தாழ 4,400 பேரில் 1,900 பேர் அளவுக்கு இந்தியச் சிப்பாய்கள். படத்திலோ முன்னணியில் நிற்பவை பெரும்பாலும் ஐரோப்பிய முகங்கள். அதிகாரிகள் இன்னார் என்று அடையாளம் காணும்படி வரையப்பட்டிருக்க, கோட்டையைக் காத்து மடிந்தவர்கள் பெயரற்ற கூட்டமாகிவிட்டார்கள். எத்தனை முறை பார்த்தாலும் என்னை வருத்துவது இதுதான்.

கேள்வி: ஆங்கிலேயப் படைத்தளபதி ஜெனரல் ஹாரிஸ் என்றால், படத்தில் டேவிட் பெயர்டு என்ற அதிகாரிக்கு ஏன் இவ்வளவு முதன்மை?

பதில்: உடைப்பின் வழியாகத் தாக்குதலை நடத்தியவர் பெயர்டு. 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் தோற்றபோது பிடிபட்டு, இதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்தவர் அவர். பிற்கால ஓவியர்களும் இந்தக் கதையை விடவில்லை. டேவிட் வில்கி 1839இல் முடித்த ஓவியத்தில், திப்புவின் உடலைக் கண்டெடுக்கும் பெயர்டின் காலடியில் நிலவறையின் கம்பிச் சாளரம் தெரிகிறது.

கேள்வி: என்னிடம் உள்ளது அசல் அச்சா என்று எப்படி அறிவது?

பதில்: ஒரு நல்ல லென்ஸை எடுத்து, முகம் ஒன்றின் கன்னத்தை மட்டும் பாருங்கள். வெண்ட்ராமினி கையாண்டது புள்ளிச் செதுக்கல். நிழல் அடர்ந்த இடத்தில் புள்ளிகள் நெருங்கியும், ஒளி விழும் இடத்தில் விலகியும், அளவில் ஒன்றுக்கொன்று சற்றே மாறுபட்டும் இருக்கும். கையால் இட்டவை என்பது உடனே விளங்கும். சம இடைவெளியில் வரிசை பிசகாத புள்ளிகளோ, பல வண்ணப் புள்ளிகள் பூப்போல் சேர்ந்த வட்டங்களோ தெரிந்தால் அது பிற்கால இயந்திர அச்சு. அடுத்து, படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய பள்ளத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஓரம் வெட்டப்பட்ட பிரதிகளில் அது இருக்காது. செம்பு மென்மையானது. அச்சிட அச்சிடப் புள்ளிகள் தேய்ந்துபோவதால், மங்கிய பிரதி என்பதற்காகவே போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கேள்வி: திப்புவின் தரப்பில் வரையப்பட்ட போர்ப்படம் உண்டா?

பதில்: உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே, தரியா தௌலத் மாளிகையின் சுவரில் புள்ளலூர்ப் போர் முழுதும் தீட்டப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் அதன்மேல் மறுபடி வண்ணம் பூசப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே அதைப் பார்க்க வேண்டும். சதுர வியூகத்தின் நடுவே பெய்லி பல்லக்கில் இருக்கிறார்; அருகில் வெடிமருந்து வண்டி வெடிக்கிறது; சுற்றிலும் செஞ்சட்டைக்காரர்கள் ஏறத்தாழ ஒரே முகத்துடன் வரிசையாக நிற்கிறார்கள். இங்கே பெயரற்றுப் போனவர்கள் அவர்கள்.