சின்னக் குழந்தைகளோடு டர்பன் போகிறோம். பீச் ஹோட்டலா, உம்லாங்காவா, மார்னிங்சைடா, எங்கே தங்கலாம்?

கேட்டவர் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறார். டிசம்பர் விடுமுறையில் காரில் வருகிறார்கள். நான்கு வயதில் ஒரு பெண், ஒன்றரை வயதில் ஒரு பையன், கூடவே முழங்கால் வலியுள்ள மாமியார். அவர் சைவம். நான் டர்பனில் குடியிருப்பவள். ஊரிலிருந்தும் ஜோபர்க்கிலிருந்தும் குழந்தைகளோடு வருகிற சொந்தக்காரர்களுக்கு இடம் பார்த்துக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

என் பதில் இது: டர்பனுக்குச் சற்று வடக்கே உள்ள உம்லாங்கா ராக்ஸில், கடலுக்கு நடந்தே போகிற தூரத்தில், கதவு சாத்தக்கூடிய தனிப் படுக்கையறையும் சமையலறையும் உள்ள ஒரு செல்ஃப் கேட்டரிங் ஃபிளாட் பாருங்கள். அது அகப்படாவிட்டால் டர்பன் நகரக் கடற்கரையில் நார்த் பீச் பக்கம் கடலைப் பார்த்த முன்வரிசை ஹோட்டல். மற்ற இடங்கள் நல்ல இடங்கள்தான், ஆனால் உங்கள் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு.

காரணம் சூரியன். தென் ஆப்பிரிக்கா முழுவதற்கும் ஒரே கடிகாரம். டர்பன் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. டிசம்பரில் கேப் டவுனில் இரவு எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும்போது இங்கே ஏழு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். அதற்கு ஈடாக, காலை ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். ஜோபர்க்கில் ஆறு மணிக்கு எழுகிற குழந்தை இங்கே ஐந்து மணிக்கு உங்கள் முகத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். ஹோட்டலில் காலை உணவு ஆறரைக்கோ ஏழுக்கோதான் தொடங்கும். அந்த இரண்டு மணி நேரத்தை ஒரே அறைக்குள், தூங்குகிற பெரியவர்களுக்கு நடுவே ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் கடல் பக்கத்தில் இருந்தால் அதே இரண்டு மணி நேரம்தான் டர்பன் தருகிற மிகச் சிறந்த நேரம். ஐந்தரைக்கு பிராமனேட் என்கிற கடலோர நடைபாதையில் ஓடுகிறவர்கள், சைக்கிள்காரர்கள், சர்ஃப் பலகையைத் தூக்கிக்கொண்டு போகிற பையன்கள், தூண்டில் போடுகிற மாமாக்கள் என்று ஊரே விழித்திருக்கும். வெயில் உறைக்காது, மணல் காலைச் சுடாது, காற்றும் அடங்கியிருக்கும். பாலைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, ராத்திரி உடுப்போடே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். ஒன்பது, ஒன்பதரை ஆனால் வெயில் ஏறிவிடும். பகலில் ஈரப்பதம் வாட்டும். பிற்பகலில் பல நாட்கள் வடகிழக்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். ஆகவே இங்கே சின்னப் பிள்ளைகளின் நாள் இரண்டு துண்டு: விடிகாலையிலிருந்து ஒன்பதரை வரை ஒன்று, நான்கு மணிக்கு மேல் இன்னொன்று. நடுவில் குளியல், சோறு, தூக்கம்.

அந்த நடுத்தூக்கத்தை மனதில் வைத்துத்தான் இடம் பார்க்க வேண்டும். இருபது நிமிடம் கார் ஓட்டி அறைக்குத் திரும்ப வேண்டிய இடமாக இருந்தால், மணலில் ஆடிக் களைத்த ஒன்றரை வயதுக் குழந்தை பத்தாவது நிமிடத்தில் கார் சீட்டிலேயே கண்ணயர்ந்துவிடும். அறை வாசலில் தூக்கும்போது முழித்துக்கொள்ளும். அத்தோடு அன்றைய தூக்கம் முடிந்தது. சாயங்காலம் முழுக்க அழுகைதான், உங்களுக்கும் ஓய்வு இல்லை. நடந்தே போய் வருகிற இடமாக இருந்தால் குளித்து, தயிர் சாதம் சாப்பிட்டு, திரை போட்ட அறையில் இரண்டு மணி நேரம் தூங்கும். கதவு சாத்துகிற தனிப் படுக்கையறை வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதும் இதற்குத்தான். ஒரே அறை என்றால் பையன் தூங்கும் நேரம் முழுக்க மற்ற எல்லோரும் இருட்டில் கிசுகிசுத்துக்கொண்டு இருக்க வேண்டும். நான்கு வயதுப் பெண் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டாள்.

உம்லாங்கா என்று தேடும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். அந்தப் பெயரில் இரண்டு இடங்கள் வரும். ராக்ஸ் என்பது கடற்கரை: சிவப்பும் வெள்ளையுமாக 1954-இல் கட்டிய கலங்கரை விளக்கம், திமிங்கில எலும்பு போல வளைந்த தூண்களுள்ள பியர் (கடலுக்குள் நீளும் நடைமேடை), கடலை ஒட்டியே போகிற நடைபாதை எல்லாம் அங்கேதான். ரிட்ஜ் என்பது மேலே மேட்டில், கேட்வே மால் இருக்கிற பகுதி. புதுக் கட்டடங்கள், விலையும் சற்று சல்லிசாக இருக்கும், ஜன்னலில் கடல் தெரியவும் செய்யும். ஆனால் பிள்ளைகளோடு அங்கிருந்து கடலுக்கு நடக்க முடியாது, இடையில் நெடுஞ்சாலை. விளம்பரத்தில் "உம்லாங்கா, கடல் தெரியும்" என்று மட்டும் போட்டிருந்தால் வரைபடத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

ராக்ஸில் நடைபாதை சமமாக இருக்கும், குழந்தையின் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டே போகலாம். கடைகளும் மருந்துக்கடையும் நடை தூரம். அலை மட்டும் பலமானது. குளிக்கும் கடற்கரைகளில் சுறா வலை போட்டிருக்கிறார்கள், உயிர்காப்பாளர்கள் கொடி நட்டு நிற்கிறார்கள். அந்தக் கொடிகளுக்கு நடுவில் பெரியவர்கள் இறங்கலாம். பையனுக்கு அலை வேண்டாம். நீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால் பாறைகளுக்கு இடையே முழங்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருக்கும், சின்ன மீன்கள் ஓடும். இரண்டு பிள்ளைகளுக்கும் அதுவே போதும். கொஞ்சம் வடக்கே போனால் உம்ட்லோட்டியில் பாறைக்குள் கட்டிய கடல்நீர்க் குளம் இருக்கிறது, ஒரு காலை அங்கே போய் வாருங்கள்.

கனமழை பெய்த அடுத்த ஓரிரு நாட்கள் யாரையும் கடலில் இறக்க வேண்டாம், முக்கியமாக உம்கேனி ஆறு கலக்கும் புளூ லகூன் பக்கம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்களும் நிலையங்களும் சேதமான பிறகு நம் கடற்கரைகள் பல முறை மூடப்பட்டன. எந்தக் கடற்கரை திறந்திருக்கிறது என்று நகராட்சி அறிவிக்கும், புறப்படும் முன் பார்த்துவிடுங்கள்.

இனி டர்பன் பீச். கோல்டன் மைல் என்கிறார்களே, அது. உங்கள் குடும்பத்துக்கு இதிலும் நல்லது நிறைய இருக்கிறது. பிராமனேட் கிலோமீட்டர் கணக்கில் ஒரே சமதளம், மாமியார் கைப்பிடித்து நடக்கலாம், உட்கார இடம் உண்டு. குழந்தைகளுக்கென்றே ஆழமில்லாத குளங்கள் உண்டு. தெற்குக் கோடியில் உஷாகா என்கிற கடல் பூங்கா. 2004-இல் திறந்தது. உடைந்த பழைய கப்பலுக்குள் இறங்கிப் போய் மீன்களைப் பார்ப்பது போல அதன் மீன் காட்சியகத்தை அமைத்திருக்கிறார்கள், நான்கு வயதுப் பெண் அதை மறக்க மாட்டாள். ஹோட்டல் என்பதால் சமைக்கவும் வேண்டாம். பிராமனேடை நேரே பார்த்த முன்வரிசையில் மட்டும் எடுங்கள். ஒரு தெரு, இரண்டு தெரு பின்னால் போனால் விலை இறங்கும், பொழுது சாய்ந்த பிறகு அங்கே பிள்ளைகளோடு நடக்க நான் சொல்ல மாட்டேன். இரவில் பக்கத்துத் தெருவுக்கே ஆனாலும் காரோ ஊபரோதான்.

டிசம்பர் 26-ம் ஜனவரி 1-ம் உங்கள் தேதிக்குள் வந்தால் பீச் ஹோட்டலே வேண்டாம். அந்த இரண்டு நாளும் மணல் தெரியாத அளவுக்கு ஜனம் கூடும், சாலைகளை மூடிவிடுவார்கள். பிள்ளைகள் தவறிப்போகாமல் இருக்க நகராட்சி ஆட்கள் கையில் பெயர்ப்பட்டை கட்டி விடுகிறார்கள் என்றால் கூட்டத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மார்னிங்சைட், ஃபுளோரிடா ரோடு பக்கம் அழகான பழைய வீடுகள் கெஸ்ட் ஹவுஸாக இருக்கின்றன. பக்கத்திலேயே மிட்செல் பார்க், அதில் சின்ன மிருகக்காட்சி சாலையும் ஊஞ்சலும் உண்டு. ஆனால் கடலுக்கு ஒவ்வொரு முறையும் காரை எடுக்க வேண்டும், மேடு பள்ளமான தெருக்கள். பல கெஸ்ட் ஹவுஸ்களில் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைச் சேர்ப்பதும் இல்லை, கேட்காமல் பணம் கட்டிவிடாதீர்கள். இந்திய வம்சாவளியினர் நிறைய வாழ்கிற சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ நம்மவர் வீட்டில் ஒரு பகுதி வாடகைக்கு வரும். உபசாரத்துக்குக் குறை இருக்காது, ஆனால் கடலுக்கு அங்கிருந்து தூரம். இந்தப் பயணத்துக்கு அது சரிவராது.

ஃபிளாட் பார்க்கும்போது "6 ஸ்லீப்பர்", அதாவது ஆறு பேர் படுக்கலாம் என்பதை நம்பி நிற்க வேண்டாம். ஹாலில் இருக்கிற ஸ்லீப்பர் கௌச்சில் (விரித்தால் படுக்கையாகிற சோஃபா) இரண்டு பேரைக் கணக்கில் சேர்த்திருப்பார்கள். எத்தனை படுக்கையறை, ஒவ்வொன்றிலும் என்ன கட்டில் என்று கேளுங்கள். மாமியாரை ஸ்லீப்பர் கௌச்சில் படுக்க வைத்தால் முழங்கால் இன்னும் மோசமாகும். லிஃப்ட் உண்டா, கார் நிறுத்துமிடத்திலிருந்து லிஃப்டுக்குப் படி ஏற வேண்டுமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். உம்லாங்காவின் பழைய அடுக்குமாடிகள் சிலவற்றில் லிஃப்டுக்கு முன்னாலேயே ஐந்தாறு படிகள் இருக்கும். டிசம்பரில் சில ரிசார்ட்டுகள் வெள்ளி முதல் வெள்ளி வரை என்றுதான் கொடுப்பார்கள், பிரேக்கேஜ் டெபாசிட்டும் (பொருள் உடைந்தால் கழித்துக்கொள்ளும் முன்பணம்) கேட்பார்கள். அது வழக்கம்தான்.

பால்கனியை மட்டும் படத்தில் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. கம்பிகளுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி, கால் வைத்து ஏறும்படி குறுக்குக் கம்பி இருக்கிறதா, கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் உண்டா என்று உரிமையாளரிடம் புதுப் படம் கேட்டு வாங்குங்கள். தரவில்லையென்றால் வேறு இடம் பாருங்கள். தனி நீச்சல் குளம் உள்ள இடம் என்றால் வேலியோ வலையோ கட்டாயம் இருக்க வேண்டும். எனக்கு இதில் சமரசமே கிடையாது.

தண்ணீர் டாங்கி உண்டா என்றும் கேளுங்கள். லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டு முன்பு போல இல்லை, ஆனால் வடக்குப் பகுதியில் தண்ணீர் நின்றுபோவது உண்டு. ஜோஜோ என்கிற பிளாஸ்டிக் தண்ணீர் டாங்கி இருக்கிற கட்டடத்தில் டயப்பர் பிள்ளையோடு நிம்மதியாக இருக்கலாம். இன்னொன்று, குரங்குகள். உம்லாங்காவில் ஜன்னல் திறந்திருந்தால் உள்ளே வந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போகும். பையன் கையில் பழத்தைக் கொடுத்து பால்கனியில் உட்கார வைக்காதீர்கள். மலேரியா பயம் டர்பனில் இல்லை, அது வடக்கே மொசாம்பிக் எல்லைப் பக்கம். கொசு கடிக்கும், அதனால் வலையோ களிம்போ எடுத்து வாருங்கள்.

மாமியாருக்குச் சமையலறை இருந்தாலே பாதிக் கவலை தீர்ந்தது. ஃபிளாட்டுகளில் பெரும்பாலும் மின்சார அடுப்பு. கண்ணாடி மேல்தளம் என்றால் அது இண்டக்ஷனா என்று கேட்டுவிட்டு குக்கரைக் கட்டுங்கள், அலுமினியக் குக்கர் இண்டக்ஷனில் சுடாது. கறிவேப்பிலை, பச்சை மிளகாய், முருங்கைக்காய் எல்லாம் இங்கே தாராளம். ஒரு நாள் சமைக்காமல் இருக்க வேண்டுமென்றால் சாட்ஸ்வொர்த் ஹரே கிருஷ்ணா கோயிலில் உள்ள கோவிந்தாஸில் சைவச் சாப்பாடு. குளத்துக்கு நடுவில் நிற்கிற கோயில், பிள்ளைகள் கண்ணை எடுக்க மாட்டார்கள். உம்கேனி ரோடு சிவன் கோயிலுக்கு ஒரு காலை கூட்டிப் போங்கள். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் காலத்திலிருந்து நிற்கிற பழைய கோயில், அவருக்கு மனது நிறையும்.

வருகிற நாளைப் பற்றி ஒன்று. ஜோபர்க்கிலிருந்து என்3 நெடுஞ்சாலை வழியாக ஏறத்தாழ 570 கிலோமீட்டர். பிள்ளைகளோடு வழியில் உள்ள ஹாரிஸ்மித் ஊரில் நிறுத்தி வந்தால் ஏழெட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்புகிறவர்கள் மதியமே வந்து நிற்பார்கள், சாவி இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். சீக்கிரம் தர முடியுமா என்று முன்பே எழுதிக் கேளுங்கள். முடியாது என்றால் நேரே பொட்டானிக் கார்டனுக்குப் போய்விடுங்கள். அனுமதி இலவசம், பெரிய மரங்கள், புல்தரை. வீட்டிலிருந்து கட்டி வந்த புளிசாதத்தைப் பிரித்து, பையனைப் பாயில் கிடத்தினால் அன்றைய தூக்கமும் அங்கேயே முடிந்துவிடும்.