இரட்டைக் குழந்தைகள் என்றால் சிசேரியன்தான் செய்ய வேண்டுமா?

இல்லை. கருப்பை வாய்க்கு அருகில் இருப்பதை முதல் குழந்தை என்கிறோம். அதன் தலை கீழ்நோக்கி இருந்து, வேறு சிக்கலும் இல்லையென்றால், சுகப்பிரசவத்துக்கு முயலலாம். குறுகிய வாசலில் இருவர் வெளியேறுவதைப் போலத்தான்: முன்னால் செல்பவர் நேராகச் சென்றால் பின்னால் வருபவருக்கும் வழி திறந்துவிடுகிறது.

ஆனால் அதிகக் கவனம் தேவைப்படுவது இரண்டாவது குழந்தைக்கே. முதல் குழந்தை பிறந்ததும் கருப்பையில் திடீரென இடம் கூடுகிறது. இரண்டாவது குழந்தை குறுக்காகத் திரும்பலாம். தொப்புள்கொடி முந்தி நழுவலாம். நஞ்சுக்கொடி பிரியத் தொடங்கலாம். அதனால்தான் உடனடியாக அறுவை செய்ய வசதியுள்ள மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள் என்று வலியுறுத்துகிறேன். இருவரும் ஒரே பனிக்குடத்தில் வளர்ந்தால் தொப்புள்கொடிகள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அங்கே சிசேரியனே வழி, பெரும்பாலும் 32 முதல் 34 வாரங்களுக்குள்.

2013இல் வெளியான ஆய்வு ஒன்று 25 நாடுகளில் சுமார் 2,800 பெண்களிடம் நடந்தது. முதல் குழந்தையின் தலை கீழ்நோக்கி இருந்த அவர்களிடம், திட்டமிட்ட சிசேரியன் குழந்தைகளுக்குக் கூடுதல் பாதுகாப்பைத் தரவில்லை.

சிசேரியன் செய்துவிட்டால் குழந்தைகளுக்குத் தீவிர சிகிச்சை தேவைப்படாது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் இரட்டையர் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படுவதற்கு முக்கியக் காரணம் குறைமாதப் பிறப்புதான், பிறந்த வழி அல்ல.