சிலேட்டில் எழுதிய மீன்கள்

கேள்வி: காசிமேட்டில் மீன் விற்கிறேன். மகன் நான்காம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறான். வேறு தாளைக் கொடுத்தால் திணறுகிறான். எழுதினால் ‘பழம்’ ‘பயம்’ ஆகிவிடுகிறது, ‘வந்துகொண்டு’ ‘வந்துகினு’ ஆகிவிடுகிறது. நோட்டு முழுக்க சிவப்பு மை. “நாம பேசுறதுதான் காரணம், வீட்டில் நல்ல தமிழ் பேசு” என்கிறார் என் வீட்டுக்காரர். இலக்கணப் புத்தகம் வாங்கட்டுமா, டியூஷன் வைக்கட்டுமா?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: சகோதரி, இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். வீட்டுப் பேச்சையும் மாற்ற வேண்டாம். மதுரைப் பிள்ளையும் கோவைப் பிள்ளையும்கூட பேசுகிறபடியே எழுதுவதில்லை. எழுத்துத் தமிழை எல்லாப் பிள்ளைகளும் புதிதாகத்தான் கற்கிறார்கள். நம் பக்கத்துப் பேச்சை மட்டும் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதலில் ஒன்றைப் பாருங்கள். அவன் கடகடவென்று வாசிக்கும் பக்கத்தில், நடுவே ஒரு சொல்லில் விரலை வைத்து “இது என்ன?” என்று கேளுங்கள். அப்புறம் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால், இதுவரை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறான் என்று அர்த்தம். திட்டாதீர்கள், நிறையப் பிள்ளைகள் இப்படித்தான். மெட்ரோவில் போகும்போது ஸ்டேஷன் பெயர்களை எழுத்துக் கூட்டி வாசிக்கட்டும். ‘திருவொற்றியூர்’ என்ற ஒரே பெயரில் ரு, ற்றி, ர் மூன்றும் இருக்கின்றன.

எழுதுவதற்கு உங்கள் கடையைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை ஒரு சிலேட்டைக் கொடுத்து, அன்றைய மீன்களின் பெயரையும் விலையையும் எழுதச் சொல்லுங்கள். வாங்க வருகிறவர்கள் வாசிக்கப் போகிறார்கள் என்றால் கையெழுத்தே மாறிவிடும். சங்கராவில் ங்க, வஞ்சிரத்தில் ஞ்ச, நண்டில் ண்ட, கடம்பாவில் ம்ப. விலையை எண்ணாக இல்லாமல் எழுத்தால் எழுதும்போது ஐந்தில் ந்த, மூன்றில் ன்ற. ஆறு ஜோடியும் வந்துவிட்டன, பாருங்கள்! இலக்கணப் புத்தகம் இவற்றை இன எழுத்துகள் என்கிறது. அந்தப் பெயர் அவனுக்கு இப்போது தேவையில்லை. ட-வுக்கு முன்னால் ண், ற-வுக்கு முன்னால் ன், த-வுக்கு முன்னால் ந் என்று கை பழகினால் போதும். ண, ன, ந மூன்றில் சொல்லின் முதலில் வருவது எப்போதும் ந-தான் என்பதையும் நண்டையும் நெத்திலியையும் காட்டியே சொல்லிவிடலாம். ‘கெயங்கா’ என்று நாம் கூவி விற்கும் மீனை அவன் ‘கிழங்கான்’ என்று எழுதும்போது ழ தானாக நினைவில் நிற்கும்.

தினமும் இரண்டு வரி சொந்தமாக எழுதட்டும். முதலில் பேசுகிற மாதிரியே: “அப்பா நேத்து நைட்டு கடலுக்குப் போனாரு.” அதன் கீழேயே புத்தகத் தமிழில்: “அப்பா நேற்று இரவு கடலுக்குப் போனார்.” மேல்வரியில் திருத்தம் கிடையாது. கீழ்வரியிலும் எல்லாவற்றையும் திருத்தாதீர்கள். இந்த வாரம் ழ மட்டும் என்றால் ழ மட்டும்தான். மற்ற பிழைகள் கண்ணில் பட்டாலும் விட்டுவிடுங்கள். இதுதான் கஷ்டம், எனக்கும் கை பரபரக்கும். ஆனால் பத்து இடத்தில் சிவப்பைப் பார்த்த பிள்ளை பதினோராவது வரியை எழுதாது. ஆசிரியரிடமும் இந்த நோட்டைக் காட்டி, என்ன செய்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கரையில்தான் இருப்பார். பள்ளி விடுமுறையும் அதற்குள் வந்துவிடும். கடலில் நடந்ததை அவர் சொல்லட்டும், பையன் எழுதட்டும்.

இன்னொரு விஷயம். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போதும் எழுத்துகள் விட்டுப்போகின்றனவா? அப்படியானால் எதற்கும் முன்னால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.